பட்டறைப் பதில்கள்: பெருஞ்சாடியும் சில்லுப் பலகையும்

கேள்வி: ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் சீமெந்துச் சாடியில் தேசி மரம் ஒன்று எட்டு வருடமாக நிற்கிறது. சாடியின் வெளி அகலம் 23 அங்குலம், உயரம் 20 அங்குலம். பல்கனித் தரை கசிகிறது என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னதால் ரைல்ஸைக் கழற்றித் திருத்தப் போகிறார்கள். மரத்தை வீட்டுக்கூடாகக் கொண்டுபோய் லிப்டில் ஏற்றி மொட்டைமாடியில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பவும் கொண்டுவர வேண்டும். கடையில் வட்டமான சில்லுத் தட்டு ஒன்று பார்த்தேன். அது போதுமா, அல்லது ஒன்றைச் செய்விக்க வேண்டுமா? பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் நானும் கணவரும்தான்.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, அந்த வட்டத் தட்டை வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்ல முதல் நிறையைக் கணக்குப் பார்ப்போம். நிறை தெரியாமல் சில்லு வாங்குவது, கால் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவது மாதிரி.

அந்த அளவுச் சாடிக்குச் சுவர் ஒன்றரை அங்குலத் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீமெந்து மட்டும் 95 கிலோ அளவில் வரும். உள்ளே ஏறக்குறைய 88 லீற்றர் மண். நனைந்த தோட்டமண் லீற்றருக்கு 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும்; அதில் 150 கிலோ. மரம் 15 கிலோ. ஆக 260 கிலோ. ஐந்து சீமெந்துப் பையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் வைத்தது போல. பல்கனி மூலையில் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய சாடி இவ்வளவு பாரம் என்று ஒருவருக்கும் தோன்றாது.

சந்தேகமாக இருந்தால் நிறுத்தே பார்க்கலாம். குளியலறையில் வைத்து ஆள் நிறை பார்க்கும் தராசு இருக்கிறதல்லவா? சாடியின் ஒரு ஓரத்துக்குக் கீழே தராசு, நேர் எதிர் ஓரத்துக்குக் கீழே அதே உயரத்தில் ஒரு மரக்கட்டை. தராசு காட்டுவதை இரண்டால் பெருக்குங்கள். தராசு 150 கிலோ வரை தாங்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இனிச் சில்லு. நாலு சில்லுப் பூட்டினால் ஒவ்வொன்றுக்கும் 65 கிலோ என்றுதான் எல்லோரும் பிரிப்பார்கள். நம்முடைய தரைகள் கண்ணாடி மாதிரி மட்டமானவை இல்லை. எந்த நேரமும் ஒரு சில்லு தரையில் சரியாகப் படாமல் நிற்கும்; பாரத்தை மற்ற மூன்றும்தான் சுமக்கும். ஆகவே மூன்றால் பிரியுங்கள். 87 வரும். அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, ஒவ்வொன்றும் 120 கிலோவாவது தாங்கும் சில்லாக வாங்குங்கள்.

பஞ்சிகாவத்தைப் பட்டறை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இரும்பு ஒட்டிய ஆள் நான். எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு வட்டத் தட்டு வந்து சேர்ந்தது. அடியில் 200 கிலோ என்று ஒட்டியிருந்தார்கள். சில்லுகளின் அகலம் ஒன்றரை அங்குலம். தட்டோடு பூட்டும் தகடு கிடையாது. பென்சில் தடிப்பில் ஒரு கம்பி பிளாஸ்டிக் துவாரத்துக்குள் செருகி இருந்தது. அம்மா ஊரிலிருந்து கன்றாகக் கொண்டுவந்த கறிவேப்பிலையை அதில் ஏற்றினேன். அந்தச் சாடி 90 கிலோவும் வராது. லிப்ட் வாசலில் தரைக்கும் லிப்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதே, முன்சில்லு அதற்குள் இறங்கியது. கம்பி வளைந்தது, பிளாஸ்டிக் வெடித்தது, சாடி என் மைத்துனர் பக்கமாகச் சரிந்தது. அவர் காலை இழுத்ததால் பெருவிரல் நகத்தோடு தப்பினார். சாடி இரண்டாகப் பிளந்தது. மரத்தைக் காப்பாற்றிவிட்டோம், ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வளைந்த கம்பியை வைத்திருக்கிறேன். யாராவது சில்லு பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

சில்லின் அளவில்தான் முக்கால்வாசி விஷயமும் இருக்கிறது. உங்கள் பல்கனிக் கதவின் நிலையில் ஒரு சென்ரிமீற்றர் உயரத் திட்டு இருக்கும். 260 கிலோவில் பாதி முன்னிரண்டு சில்லில் நிற்கிறது என்று எடுங்கள். இரண்டங்குலச் சில்லை அந்தத் திட்டில் ஏற்ற 170 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். ஐந்தங்குலச் சில்லுக்கு 85 கிலோ போதும், பாதிதான். சின்னச் சில்லுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்பது சுவர். பெரிய சில்லுக்கு அது படி. புறக்கோட்டையில் நாட்டாமிமார் தள்ளும் கைவண்டில்களைப் பாருங்கள். குழியும் கானும் நிறைந்த தெருவில் அவ்வளவு மூட்டையோடு அவை உருளுவது பெரிய சில்லினால்தான்.

85 கிலோவும் உங்கள் இருவருக்கும் கூடத்தான். அதனால் திட்டுக்கு முன்னால் ஒரு சாண் நீளமுள்ள ஆப்புப் பலகை ஒன்றை வையுங்கள். ஒரு பக்கம் பூச்சியமாகச் சீவி, மறுபக்கம் ஒரு சென்ரிமீற்றராக இருக்கட்டும். அதன்மேல் உருட்டினால் பத்துப் பன்னிரண்டு கிலோ தள்ளினால் போதும். ஒரு தச்சுத் தொழிலாளிக்குக் கால் மணி நேர வேலை அது. லிப்ட் இடைவெளிக்கு மேல் கால் அங்குல இரும்புத் தகடு ஒன்றைப் போடுங்கள்.

சில்லு எந்தப் பொருளில் இருக்க வேண்டும்? கறுப்பு றப்பர் ரைல்ஸில் கறை போடும். பாரத்தோடு நாட்கணக்கில் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கடும் நைலோன் இலகுவாக உருளும், ஆனால் பாரம் முழுவதையும் ஒரு சின்னக் கோட்டில் கொண்டுவந்து வைக்கும். கீழே பொள்ளலாக ஒட்டிய ரைல்ஸ் என்றால் வெடித்துவிடும். உங்கள் வேலைக்குப் பொலியூரிதேன் சில்லுத்தான் பொருத்தம். ரைல்ஸை விரலால் தட்டிப் பார்த்து, பானை மாதிரிச் சத்தம் வரும் இடங்களில் பிளைவூட் விரித்து அதன்மேல் உருட்டுங்கள். மொட்டைமாடியிலும் அப்படியே, நீர்க்கசிவுக்குப் பூசிய பூச்சைச் சில்லு கிழித்தால் ஒரு கசிவைத் திருத்தப்போய் இன்னொன்றைத் தேடிக்கொள்வீர்கள்.

பூட்டும் விதத்தையும் பாருங்கள். மேலே நாலு துவாரத்தோடு சதுரத் தகடு உள்ள சில்லாக இருக்க வேண்டும். திருகாணி வேண்டாம், தகட்டையும் சட்டத்தையும் ஊடுருவிப் போகும் போல்ட், கீழே வாஷரும் பூட்டு நட்டும். கழுத்தில் சுழலும் இடத்தில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு பின்னேரம் நடந்தால் நாலைந்து கடையில் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். சில்லுக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பலகையில் பிடியுங்கள், வர்ணத்தில் பிடியுங்கள்.

இப்போது ஒரு சிக்கல் வரும். ஐந்தங்குலச் சில்லு, தகட்டோடு சேர்த்து ஆறேகால் அங்குல உயரம். பலகையை அதன் தலையில் பூட்டினால் சாடியை முக்கால் அடி தூக்க வேண்டி வரும். நான் செய்வது இப்படி: பலகை சில்லுகளுக்கு மேலே இருக்காது, அவற்றுக்கு நடுவே தாழத் தொங்கும். ஒன்றரை அங்குலப் பொக்ஸ் பாரில் 22 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் உள்ள சட்டம் ஒன்று. நாலு மூலையிலும் மேல்நோக்கி ஒரு கால். அந்தக் கால்களின் தலையிலிருந்து முன்னுக்கு இரண்டு கை, பின்னுக்கு இரண்டு கை. அந்தக் கைகளுக்கு அடியில் சில்லு. சட்டத்தின் அடி தரையிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் உயர்ந்திருக்கும். மேலே முக்கால் அங்குலப் பலாப் பலகைகளை விரல் இடைவெளி விட்டுப் பூட்டினாலும், சாடி மூன்றே கால் அங்குலம் ஏறினால் போதும். சில்லு முழுவட்டம் சுழல, அதன் நடுவிலிருந்து சட்டம் வரை நாலரை அங்குலம் விட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பூட்டினால் திரும்பும்போது சில்லு இரும்பில் முட்டி நின்றுவிடும். எல்லாம் சேர்த்து அகலம் 26 அங்குலம், நீளம் மூன்றே முக்கால் அடிக்குள். கதவுகளையும் லிப்ட் வாசலையும் அளந்துவிட்டு ஒட்டுபவரிடம் போங்கள்.

நாலு சில்லும் சுழல வேண்டும், ஏனென்றால் பல்கனியில் திருப்ப இடமில்லை. இரண்டுக்குத் தடை இருக்கட்டும். பலாவைச் சொன்னேன், ஈரத்தில் இலகுவில் உக்காது. சாதாரணப் பிளைவூட் ஒரு மழைக்காலத்திலேயே பிரிந்துவிடும்.

சாடியை எப்படி ஏற்றுவது? தூக்கவே கூடாது. மூன்று நாளைக்கு முன்பே தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ அப்படியே குறையும். பிறகு ஒரு அலவாங்கு எடுங்கள். சாடியின் அடிக்கும் அலவாங்குக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் சீமெந்து விளிம்பு உதிரும். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நெம்பி அடியில் அரை அங்குலப் பலகைத் துண்டு ஒன்று. மற்றப் பக்கத்தை நெம்பி அங்கும் ஒன்று. மாறி மாறி இப்படி அடுக்கினால் பத்து நிமிடத்தில் சாடி மூன்றே கால் அங்குலத்தில் நிற்கும். பலகைத் துண்டைக் கையால் தள்ளாதீர்கள். இன்னொரு தடியால் தள்ளுங்கள். பிறகு சில்லுப் பலகையின் நீளப் பக்கம் சாடியைப் பார்க்க அருகே கொண்டுவந்து தடையைப் போட்டு, நடுவே பாலமாக ஒரு பலகை வைத்து, சாடிக்குக் கீழே சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த சாக்கைச் செருகி வழுக்கி ஏற்றுங்கள்.

ஏற்றியதும் சாடியைச் சட்டத்தோடு கயிற்றால் கட்டுங்கள். தண்டைப் பிடித்துத் தள்ளாதீர்கள். சாடியில் கை வைத்துத் தள்ளுங்கள், இடுப்புக்குக் கீழே. லிப்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். எட்டுப் பேர் லிப்ட் என்றால் பெரும்பாலும் 630 கிலோ; சாடி, சட்டம், இரண்டு ஆள் சேர்த்து 420 அளவில்தான் வரும். நடுவில் நிறுத்துங்கள்.

நீங்களும் ஐயாவும் இதைத் தனியே செய்ய வேண்டாம், அம்மா. இரண்டு இளைஞர்களுக்கு அரை நாள் கூலி கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: மாடியில் பதினொரு சாடி வைத்திருக்கிறேன், மாதுளை, கொய்யா, போகன்விலா. வெயில் பார்த்துத் திருப்ப ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாகச் சில்லுத் தட்டுப் போடலாம் என்று நினைக்கிறேன். பெரியது 70 கிலோ வரும்.
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, பதினொன்று வேண்டாம். ஒரு நல்ல வண்டில் போதும். வருடம் முழுக்கப் பாரத்தோடு நிற்கும் சில்லு, திருப்ப வேண்டிய அன்று திரும்பாது. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உங்கள் பக்கமும் சரி, மரைன் டிரைவ் பக்கமும் சரி, மெல்லிய நாகப் பூச்சுப் பூசிய சில்லின் கழுத்து சீக்கிரமே துருவேறி இறுகிவிடும். பொலியூரிதேன்கூட ஈரத்தில் கிடந்தால் காலப்போக்கில் பொருபொருவென்று உதிரும். வேலை முடிந்ததும் துடைத்து, கிறீஸ் வைத்து, கூரைக்குள் நிறுத்தும் சில்லுத்தான் நீடிக்கும்.

70 கிலோவுக்கு இரண்டு சில்லுத் தள்ளுவண்டில் போதும். கீழே நாக்கு மாதிரித் தகடு உள்ளது. காற்றடித்த பத்தங்குல டயர் உள்ளதாக வாங்குங்கள். ஒவ்வொரு சாடியையும் மூன்று செங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள். அந்த இடைவெளிக்குள் நாக்குப் போகும். சாடியின் வயிற்றைச் சாக்கால் சுற்றி வண்டிலோடு கட்டி, உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு இடத்தில் பாரம் கையை விட்டுச் சில்லுக்குப் போய்விடும். கைப்பிடி கிட்டத்தட்ட மிதப்பது போல இருக்கும். அந்தச் சாய்விலேயே நடவுங்கள். முதலில் வெறும் மண் சாடி ஒன்றில் பழகிக்கொள்ளுங்கள்.

செங்கல் வைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கடைச் சில்லுத் தட்டு பலவற்றில் தண்ணீர் தேங்கும் குழி இருக்கிறது. அதில் ஏழு முதல் பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கும். எங்கள் தெருவில் டெங்குக் காய்ச்சல் வந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். சாடிக்கு அடியில் தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்து, உட்சுவரைத் தும்பால் தேயுங்கள். முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது.

கேள்வி: விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இரண்டு படி, மொத்தம் ஒரு அடி உயரம். 100 கிலோ அரலி மரச் சாடியைச் சில்லுப் பலகையோடு இறக்க என்ன வழி?
வாசகர், தெஹிவளை

பதில்: ஆறடி நீளத்தில் இரண்டங்குலத் தடிப்புப் பலகை இரண்டை அருகருகே வைத்து, பின்பக்கம் குறுக்குச் சட்டம் அடித்துச் சாய்தளமாக்குங்கள். ஆறுக்கு ஒன்று சாய்வில் 100 கிலோ சாடி 17 கிலோ அளவு இழுக்கும். அதைக் கையால் பிடித்து இறக்காதீர்கள். சட்டத்தில் கயிற்றைக் கட்டி, விறாந்தைத் தூணில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்ல விடுங்கள். தூண் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். மரத் தூண் என்றால் வர்ணம் போகாமல் சாக்கைச் சுற்றுங்கள். ஒருவர் பக்கத்தில் நடந்து திசை பார்க்கலாம். சாடிக்குக் கீழ்ப்பக்கத்தில் மட்டும் ஒருவரும் நிற்கக்கூடாது, பிள்ளைகளும் நாயும் உட்பட. மழை பெய்து பலகை நனைந்திருந்தால் வேலையை அடுத்த நாளுக்கு வையுங்கள்.

கேள்வி: பல்கனியிலிருந்து மொட்டைமாடிக்கு இடம் மாற்றிய பிறகு என் தேசி மரம் இலை கொட்டுகிறது. சாடியை உருட்டும்போது வேர் அறுந்திருக்குமா?
வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: சாடி விழாமல், மண் கலங்காமல் போயிருந்தால் வேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெளிச்சம் மாறியதுதான் பெரும்பாலும் காரணம். பல்கனி நிழலில் வளர்ந்த இலைக்கு மொட்டைமாடி வெயில் தாங்காது. ஒரு கிழமைக்குப் பழைய பருத்திச் சேலை ஒன்றை மேலே பந்தலாகக் கட்டிவிடுங்கள். பிறகு காலை வெயிலை மட்டும் கொடுத்து மெல்ல மெல்லப் பழக்குங்கள். இலை விழுகிறது என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். இலை குறைந்த மரம் குடிப்பதும் குறைவு. மண்ணில் விரலை இரண்டங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடுத்த முறை உருட்ட முதல், வெயில் படும் பக்கத்துக் கொப்பில் ஒரு சிவப்பு நூல் கட்டி, புதிய இடத்திலும் அதே பக்கம் வெயிலைப் பார்க்க வையுங்கள்.